ஸாந்தோம் க்ளப்பில் ஏற்றிய தந்தி

1

எங்கள் தெருக்கோடியில் ஒரு க்ளப் இருக்கிறது. பெரிய இடம் ஒன்றுமில்லை. கீழே சைக்கிள் கடை, மாடியில் ஒரு கூடம், கூடத்தின் மூலையில் ஒரு பியானோ, இருபது ஜோடி இடித்துக்கொள்ளாமல் ஆடுவதற்கு இடம். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஜாஸ் சங்கீதம் ஆரம்பிக்கும். ஏழு மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவார்கள். வாரத்தில் ஐந்தரை நாள் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் நான், அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் பிடில்காரன்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் பினாங்குக் குறிப்புகளை வாசிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். ரம்புத்தான் பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். சீனர்களின் வருஷப் பிறப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். இங்கே மழை எப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். க்ளப்பைப் பற்றி ஒரு வரி எழுதினதில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்த கனம் பதிமூன்று வருஷத்துக் கனம். இன்று அதை இறக்கிவைக்கப் பார்க்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை.

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை, கூடம் நிறைந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, என் பிடிலின் முதல் தந்தி பட்டென்று அறுந்தது. நான் வில்லைக் கீழே இறக்கிவிட்டேன். ஆனால் கூடத்தில் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பருத்த மனிதர், ஜோடியின் இடுப்பிலிருந்து கையை எடுக்காமலே, "ஒன்று போனால் என்ன, இன்னும் மூன்று இருக்கிறதே!" என்று கத்தினார். டிரம்காரன் அந்த ஓசையையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினான். ஒரு ஜோடிகூட நிற்கவில்லை.

என் பெண் பத்மா சில சனிக்கிழமைகளில் என்னோடு வருவாள். ஒன்பது வயது. பக்கத்து வீட்டு யூரேஷியப் பெண்ணோடு மூலையில் நின்று ஃபாக்ஸ் ட்ராட் ஆடுவாள். இந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் பேசும் தமிழில் மூன்றிலொரு பங்கு மலாய், மூன்றிலொரு பங்கு இங்கிலீஷ். "அப்பா, அத்தைக்குக் காகிதம் போட ஸ்டாம்ப் சுடா பெலி" என்பாள். தபால் தலை வாங்கியாகிவிட்டது என்று அதற்குப் பொருள். நானும் வீட்டில் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அவள் ஓடிவந்து, கீழே சுருண்டு கிடந்த தந்தியை எடுத்தாள். மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, "பாரு அப்பா, வளையல்!" என்று காட்டினாள்.

நான் அதைப் பிடுங்கினேன். மெதுவாக அல்ல. அவள் கையில் சிவப்பாகக் கோடு விழும்படி பிடுங்கினேன். அவள் அழுதாள். கைதட்டினவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று வழியெல்லாம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லவேண்டியது வேறொருத்தியிடம்.

2

நான் மயிலாப்பூரில் பிறந்தவன். எங்கள் வீட்டில் சங்கீதம் என்பது சாப்பாட்டுக்கு அடுத்தபடி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஆனால் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர். எனக்கு ஏழு வயதில் பிடில் பிடிக்கவைத்தார். என் தங்கை குஞ்சுவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வாசிப்பதைக் கேட்டுக்கேட்டே பாட வந்துவிட்டது. ஐந்து கட்டைச் சுருதியில் மணி மாதிரி குரல்.

என் பத்தொன்பதாவது வயதில், கல்லூரியில் கூடப் படித்த ஒருவன் மூலமாக லாரன்ஸ் பழக்கமானான். ஆங்கிலோ இந்தியன். தந்தி ஆபீஸில் வேலை, ஸாந்தோமில் வீடு. கார்னெட் ஊதுவான். கடற்கரைக்குப் பக்கத்தில் அவனும் அவன் சிநேகிதர்களும் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தேநீர் விருந்தும் நடனமுமாக ஒரு க்ளப் நடத்திக்கொண்டிருந்தார்கள். பியானோ, பாஞ்சோ, டிரம், கார்னெட் இருந்தன. பிடில் இல்லை.

முதல் நாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் காது சிவக்கிறது. கூடத்துக்குள் போனேன். செருப்பை வாசலில் விட்டேன். பியானோ பக்கத்தில் தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தேன். பிடிலின் தலையை வலது கால்மேல் சாய்த்து, மார்பில் அண்டக்கொடுத்துச் சுருதி சேர்க்க ஆரம்பித்தேன். சட்டையும் பாவாடையுமாக ஆட வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓர் அம்மாள் ஏறக்குறைய என் மேல் விழுந்தாள்.

லாரன்ஸ் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இன்னா மேன், இது டான்ஸ் ஹாலு. கீழே குந்திக்கினு இருந்தா மெறிச்சிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. மேலே குந்து" என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது காலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத கால் தானாகவே தரையைத் தட்டத் தொடங்கியது. அன்று ஆரம்பித்த பழக்கம்தான்.

எங்கள் சங்கீதத்தில் நான் வாசித்தால் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். தப்பு விழுந்தால் கண்ணைத் திறப்பார்கள். இங்கே நான் வாசித்தால் மனிதர்கள் நடந்தார்கள், சுழன்றார்கள், சிரித்தார்கள். ரயில்வேயில் இன்ஜின் ஓட்டும் ஒருவர், வாரமெல்லாம் கரி அப்பிய கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, மனைவியின் முதுகில் அந்தக் கையை வைக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸாந்தோம் கூடம் நிஜமாகவே கோணல்தான். கடற்காற்றில் பலகைகள் தூக்கிக்கொண்டிருந்தன. தடுக்கினவர்கள் வெட்கப்படவில்லை. மறுபடி ஆடினார்கள். நான் நடுவில் பழக்கதோஷத்தால் ஒரு கமகம் போட்டால், லாரன்ஸ் கார்னெட்டை வாயிலிருந்து எடுத்து, "அந்த வளைசலு வேணாம் மேன்" என்பான். இரண்டு அடி கழித்து, "இல்ல இல்ல, இருக்கட்டும். ஷோக்கா கீது" என்பான்.

அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் என் குற்றத்தின் ஆரம்பம். வீட்டில் சொன்னது, ஸாந்தோமில் ஒரு பையனுக்குப் பிடில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று. ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு ஆடுகிற இடத்தில் வாத்தியம் வாசிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால், அப்பா என்னை அடித்திருக்கமாட்டார். கச்சேரிக்குப் போவதை நிறுத்தியிருப்பார். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

ஒரே ஒரு தொந்தரவு. க்ளப்பில் பியானோவுக்கு ஏற்றபடி மேல் தந்திகள் இரண்டையும் ஒரு படி ஏற்றவேண்டும். வீட்டுக்கு வந்ததும் குஞ்சுவின் ஐந்து கட்டைக்கு இறக்கவேண்டும். வாராவாரம் ஏற்றினேன், இறக்கினேன்.

3

குஞ்சுவுக்குப் பதின்மூன்று வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது. நல்ல இடம். அக்காலத்து வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். பெரியவளானபின் புக்ககத்தார் நாள் பார்த்து அழைத்துப்போவார்கள்.

நலங்கில் குஞ்சு பாட, நான் பிடில் வாசிக்கவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மவுண்ட் ரோட்டுக்கு டிராமில் போய், கல்யாணத்துக்கென்றே ஒரு ஜதை புதுத் தந்தி வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். "முன்னாடியே மாட்டிடாதேடா நாணா. அன்னிக்குக் காலம்பற மாட்டு" என்றார்.

கல்யாணம் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு க்ளப்பில் ஒரு விசேஷம். எல்லோரும் புது உடுப்பில் வருவார்கள். என் பிடில் மட்டும் பழைய தந்தியில் கரகரப்பதா என்று தோன்றிற்று. அப்பா கொடுத்த ஜதையை அன்றே மாட்டினேன். ஏற்றி, மூன்று மணி நேரம் வாசித்துத் தள்ளினேன். வீடு திரும்பி இறக்கினபோது முதல் தந்தியில், அதை முறுக்கும் பிருடைக்குப் பக்கத்தில், லேசாகத் தேய்ந்திருந்தது கண்ணில் பட்டது. ஐந்து கட்டைக்குத் தாங்கும் என்று நினைத்தேன். ஐந்து கட்டைக்குத் தாங்கியும் இருக்கும்.

நலங்கு மத்தியானம் மூன்று மணிக்கு. பாயில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் உருட்டியாயிற்று. தலைக்குமேல் அப்பளம் உடைத்தாயிற்று. "பொண்ணு பாடட்டும்" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். சுருதிப்பெட்டி இல்லை. குஞ்சு அவள் பாட்டுக்கு எடுத்தாள். அன்றைய உற்சாகம், மாப்பிள்ளை வேறு அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டார், ஆறு கட்டையில் எடுத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிருடைகளை முறுக்கி ஏற்றிக்கொண்டு அவளோடு சேர்ந்தேன். இரண்டாவது அடியில் அவள் மேலே போனாள். நானும் போனேன். தந்தி அறுந்தது.

பாட்டு நின்றது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை.

சம்பந்தியம்மாள் மார்பில் கைவைத்துக்கொண்டு, "சிவ சிவா" என்றாள். அவள் பக்கத்தில் இருந்த யாரோ, "என்ன தொண்டை அது! தந்தியே அறுந்து போச்சே. மங்கள காரியத்துல இப்படியா?" என்றார்கள். குஞ்சு என்னைப் பார்த்தாள். "அண்ணா, நான் ரொம்ப மேலே எடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். தந்தி தேய்ந்திருந்தது என்று நாலு வார்த்தை. ஆனால் அப்பா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். புதுத் தந்தி எப்படித் தேயும் என்று கேட்பார்.

"கொஞ்சம் மேலேதான்" என்றேன்.

4

அடுத்த மாதமே மாப்பிள்ளைக்கு விஷக்காய்ச்சல். இருபத்தொரு நாள் கிடந்து பிழைத்தார். பிழைத்தாரே தவிர, சம்பந்தியம்மாளின் மனசில் இரண்டும் இரண்டும் நாலாகிவிட்டது. குஞ்சு பெரியவளானாள். சொல்லியனுப்பினோம். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி, "பார்க்கலாம்." ஊரில் நாலு பேர், பெண்ணின் குரலில் ஏதோ தோஷம் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்பா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்.

குஞ்சு பாடுவதை நிறுத்திவிட்டாள். தினம் விடிகாலையில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் அம்பாள் சந்நிதியை நூற்றெட்டுத் தடவை சுற்றினாள். மழையானாலும் போவாள். உள்ளங்கால் வெடித்து, வீட்டுக்கு வந்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் நான் பிடிலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, நிஜத்தைச் சொல்லு. என் குரல் அவ்வளவு கர்ணகடூரமாவா இருக்கு?"

"சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றேன்.

"பின்னே ஏன் அறுந்தது?"

"தந்தின்னா அறுந்துதான் போகும்."

"புதுத் தந்தியாச்சே அண்ணா" என்றாள். நான் பிடிலை உறையில் போட்டேன்.

அந்த ஞாயிறு நான் க்ளப்புக்குப் போனேன். அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். இதை மட்டும் என்னால் யாருக்கும் விளக்க முடியாது. கச்சேரி ரோடு வழியாக நடந்து போகும்போது காலில் முள் தைத்தமாதிரி இருக்கும். கூடத்துக்குள் நுழைந்து, பியானோ முதல் நாலு தட்டுத் தட்டி, ஜோடிகள் எழுந்துவிட்டால் மறந்துவிடும். வீடு திரும்பும்போது மறுபடி தைக்கும். தங்கை கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அதே ஊரில், அரை மைலுக்கு அப்பால், அண்ணன் மற்றவர்கள் சுற்றுவதற்கு வாசித்துக்கொண்டிருந்தான்.

லாரன்ஸிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன். அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னா மேன் இது? ஸ்ட்ரிங்கு தேஞ்சி கீது, அறுந்துச்சி. இதுக்குப் போயி பொண்ணை இட்டுக்கினு போவமாட்டேன்றாங்களா? நீ சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னா எங்கே வாசிச்சேன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. நான் வேணா வரேன் மேன். உங்க நைனா கைல நானே சொல்றேன். நாங்க இன்னா திருடங்களா?"

கோட்டும் தொப்பியுமாக லாரன்ஸ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, 'உங்க பையன் எங்க டான்ஸுக்கு வாசிக்கிறான்' என்று சொல்லுவதை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்" என்று அவனுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன், "சொல்ட்டியா?" என்பான். "இன்னும் இல்லை" என்பேன். கடைசியில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் முகத்தில் என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் வருஷம் எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டு, மனைவியை அழைத்துக்கொண்டு கப்பலேறினேன். பிழைப்புக்காகப் போகிறான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. மாப்பிள்ளையே தன் அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு, நேரில் வந்து, குஞ்சுவை அழைத்துப் போய்விட்டாராம். அன்று நான் அழுதேன். பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் எதற்குச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

5

தந்தி அறுந்து, பத்மா அழுத அந்த வாரமே குஞ்சுவின் கடிதம் வந்தது. அவள் மூத்த பிள்ளைக்குப் பூணூல். மாமா வராமல் நடக்காது என்று எழுதியிருந்தாள். இந்தத் தடவை போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். மனைவிக்குக் கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. பத்மாவை மட்டும் அழைத்துக்கொண்டேன்.

இங்கே பிறந்த குழந்தை வெளியே போய்த் திரும்பிவருவதற்கு ஒரு சீட்டு வேண்டும். அதற்கு மூன்று ஆபீஸ். முதல் ஆபீஸில் பிறந்த சீட்டில் பெயர் இல்லை என்றார்கள். எங்கள் பக்கத்தில் பதினோராம் நாள்தான் பெயர் வைப்போம் என்றேன். பதிவு ஏழாம் நாளே ஆகியிருக்கிறதே என்றார்கள். ஆமாம், அதனால்தான் பெயர் இல்லை என்றேன். இப்படியே ஒரு மாதம். பிரயாணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதினேன். உண்மையை எழுதக் கட்டத்தில் இடம் போதாது.

ஒரு வாரக் கப்பல். சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி பிடில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதிதாக வாங்கிவந்ததா, விற்கப்போகிறேனா என்று சந்தேகம். "உம்முடையதுதானென்றால் வாசியும் பார்ப்போம்" என்றார். மூட்டைகளுக்கு நடுவே நின்று வில்லை எடுத்தேன். பத்து வருஷத்துக்குப் பிறகு சொந்த ஊர் மண். கையில் வந்தது ஒரு ஃபாக்ஸ் ட்ராட். பத்மா இரண்டு அடி ஆடிக்கூடக் காட்டினாள். மூட்டை தூக்குகிற ஒருவர், "சோக்கா வாசிக்கிறியே நைனா" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே சாக்கட்டியால் பெட்டியில் குறி போட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

6

குஞ்சுவின் வீட்டுக்காரர் மாம்பலத்தில், புதிதாக எழும்பியிருக்கும் தியாகராய நகரில், வீடு கட்டியிருந்தார். எங்கள் நாளில் அங்கே ஏரியும் வயலும். இப்போது மின்சார ரயிலில் இறங்கி, சுண்ணாம்பு வாசனை போகாத வீடுகளுக்கு நடுவே நடந்து போனோம்.

குஞ்சு வாசலுக்கு ஓடிவந்தாள். இருபத்தாறு வயது, மூன்று குழந்தைகள், இரண்டு சுற்றுப் பெருத்திருந்தாள். "அண்ணா, தலையெல்லாம் இப்படி நரைச்சுடுத்தே" என்று என் நரைக்காக அழுதாள். அவளுடைய மாமியாரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஆனால் மாமி வேறு மனுஷியாகிவிட்டிருந்தாள். பல் விழுந்து, கண் மங்கி, எதற்கெடுத்தாலும் "குஞ்சு, குஞ்சு" என்றுதான் கூப்பிட்டாள். "எங்காத்து மஹாலக்ஷ்மி இவ" என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னாள்.

பூணூலுக்கு முதல் நாள் மத்தியானம். கூடத்தில் தாம்பாளம் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு குஞ்சு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்மா அவள் மடியில் சாய்ந்துகொண்டு, "அத்தை, பாட்டு ஒண்ணு பாடுங்க லா. நீங்க ரொம்ப பாகுஸாப் பாடுவீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள். பாகுஸ் என்றால் மலாயில் நன்றாக என்று பொருள்.

"எனக்குப் பாட வராதுடி கண்ணு" என்றாள் குஞ்சு.

ஊஞ்சலில் இருந்த மாமி, "பொய் சொல்றா. நாணா, நீயாவது சொல்லேன் இவளுக்கு. பத்து வருஷமாக் கேக்கறேன், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கொலு, வாயைத் திறக்கமாட்டேங்கறா. தாலாட்டுக்கூடப் பாடாம மூணு குழந்தையை வளர்த்தவ இவ ஒருத்திதான்" என்றாள். பிறகு பத்மாவை அழைத்துக்கொண்டு, பட்சணம் எடுத்துத் தர உள்ளே போனாள்.

நான் அதுவரையில், மாமியார்தான் பாடக்கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணிக்கொள்வது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

"குஞ்சு, அன்னிக்கு உன் சுருதியால தந்தி அறுபடலை" என்றேன்.

அவள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். க்ளப், லாரன்ஸ், அப்பா வாங்கிக்கொடுத்த ஜதை, தேய்ந்த இடம், எதையும் விடவில்லை. பதிமூன்று வருஷம் வாயில் வராதது ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. நிஜத்தைச் சொல்லுகிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை யாருக்கோ சொல்லிக்குடுக்கறேன்னு போவியே, அதுவா?" என்றாள்.

"ஆமாம்."

"நான் பிரதக்ஷிணம் பண்ணிண்டிருந்தேனே, அப்போல்லாமும் போயிண்டிருந்தியா?"

"ஆமாம் குஞ்சு."

"அங்கே நன்னா இருக்குமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இருக்கும்" என்றேன்.

அவள் நாலைந்து வெற்றிலை துடைத்தாள். காம்பைக் கிள்ளி ஒரு பக்கம் போட்டாள்.

"மாமி கேக்கறா, நீயும் பாக்கறே, ஏன் பாடலைன்னு. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை அண்ணா. அம்பாள்கிட்ட வேண்டிண்டேன். காசிக்குப் போனா பிடிச்சதை விடுவாளே, அந்த மாதிரி. என்கிட்ட வேற என்ன இருந்தது? என் பாட்டை நீ எடுத்துக்கோ, என்னை அவா ஆத்துல சேத்துடுன்னேன். சேத்துட்டா. குழந்தை பிறந்தப்போ தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். ஒரு நாள் வருத்தப்பட்டதில்லை. நான் குடுத்தேன், அவ குடுத்தான்னு இருந்தது. எனக்கு அதுல கொஞ்சம் கர்வம்கூட உண்டு."

"இப்ப அதெல்லாம் வேண்டாமே. உன்மேல தோஷமே இல்லையே. நீ பாடலாமே குஞ்சு" என்றேன். என்னைப்போல் முட்டாள் உலகத்தில் உண்டா?

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அப்போ ஒண்ணுமே இல்லாததுக்கா விட்டேன்?" என்றாள். "என்கிட்ட மிச்சம் இருந்தது அந்த வேண்டுதல் ஒண்ணுதான். இப்ப வந்து அதையும் எடுத்துண்டு போறியே அண்ணா."

உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டாள். குஞ்சு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

7

மறுநாள் பூணூல் நன்றாக நடந்தது. மாமா செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். குஞ்சு என்னிடம் எல்லோரிடமும் பேசுவதுபோலப் பேசினாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றாள், காப்பி ஆறிப்போகிறது என்றாள். கிளம்பும்போது ஒரு டின் நிறைய முறுக்கு கொடுத்தாள். பத்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நமஸ்காரத்துக்கு நின்றபோது விழுந்து சேவித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனாள்.

சொல்லாமல் இருந்தது பாவம் என்று பதிமூன்று வருஷம் நினைத்தேன். சொன்னது அதைவிடப் பெரிய பாவமோ என்று இப்போது நினைக்கிறேன். யாருக்காகச் சொன்னேன்? அவளுக்காக என்று கப்பலில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு போனேன். அவளிடம் என் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் இப்போதும் வாசிக்கிறேன். ஜோடிகள் எழுந்ததும் மறந்துபோகும் என்றேனே, இப்போது அப்படி மறப்பதில்லை.

பத்து வருஷமாக, மாதம் தவறாமல், குஞ்சுவின் கடிதம் வரும். கடைசியில் பத்மாவுக்கென்று நாலு வரி தனியாக இருக்கும். நாங்கள் திரும்பி மூன்று மாதமாகிறது. வரவில்லை. நான் எழுதின இரண்டுக்கும் பதில் இல்லை. நேற்று தபால்காரர் போனபிறகு பத்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை ஏன் அப்பா எழுதலை?" என்று கேட்டாள்.

கப்பல் தாமதம் என்று சொன்னேன்.